எடைக்குப் போகும் வண்டி: டேங்கில் மிஞ்சிய பெட்ரோலை என்ன செய்வது?

கேள்வி: "எங்கள் குடும்பம் திருவொற்றியூரில் இருக்கிறது. மீஞ்சூர் பக்கம் 2 ஏக்கர் நிலம் உண்டு. கத்திரி, வெண்டை மூட்டைகளை ஏற்றிச் செல்ல வாங்கிய ஆம்னி வேன், 6 ஆண்டுகளாக மாட்டுக்கொட்டகை ஓரம் ஓடாமல் நிற்கிறது. எடைக்குப் போடலாம் என்று காயலான் கடைக்காரரிடம் கேட்டால், 'டேங்கில் இருக்கும் பெட்ரோலை எடுத்துவிட்டுக் கொண்டு வாருங்கள்' என்கிறார். 'டியூப் விட்டு வாயால் உறிஞ்சினால் வந்துவிடும். அப்புறம் டேங்கைக் கழற்றி, கேஸ் கட்டரால் இரண்டாகப் பிளந்தால் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் ஆயிற்று' என்கிறார் மைத்துனர். செய்யலாமா?"

- ஒரு வாசகர், திருவொற்றியூர்.

பதில்: மைத்துனர் சொல்லும் இரண்டையுமே செய்யக் கூடாது. முதலாவது நுரையீரலைக் கெடுக்கும். இரண்டாவது உயிரையே எடுத்துவிடும். பெட்ரோலை எடுப்பதற்கு முறையான வழி இருக்கிறது. எடுக்காமலே வண்டியை ஒப்படைக்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாயால் ஏன் உறிஞ்சக் கூடாது?

பெட்ரோல் தண்ணீரைவிட நீர்த்தது. டியூபில் எப்போது மேலே ஏறி வருகிறது என்று கணிக்க முடியாது. வாய்க்குள் வந்ததும் புரை ஏறும். அப்போது சில சொட்டுகள் மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரல் வெந்து புண்ணாகி, நிமோனியா போன்ற நிலை வரும். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. அதனால்தான் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதை விழுங்கினாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி வரவழைப்பது நம் ஊர்களில் வழக்கம். இந்த இடத்தில் அது கூடவே கூடாது. வாந்தியோடு வரும் எண்ணெய் மறுபடியும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 'இருமல் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் தொடங்கலாம்.

காலி டேங்க் ஏன் வெடிக்கிறது?

எரிவது பெட்ரோல் அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவி. காற்றில் அந்த ஆவி ஏறக்குறைய 1.4 சதவிகிதத்திலிருந்து 7.6 சதவிகிதம் வரை கலந்திருந்தால், ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். அதற்குக் கீழே இருந்தால் ஆவி போதாது. மேலே இருந்தால் காற்று போதாது. நிறைய பெட்ரோல் உள்ள டேங்கில் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால், உள்ளே வெடிக்கும் வாய்ப்பு குறைவு. பெட்ரோலை வடித்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து, சரியாக வெடிக்கும் கலவை உருவாகிறது. 'டேங்க் காலிதானே' என்று நினைக்கும் நேரம்தான் அது மிக ஆபத்தான நேரம்.

இதற்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? 40 லிட்டர் டேங்க் ஒன்றை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர, கணக்குப் போட்டால், அரைத் தேக்கரண்டி பெட்ரோல் ஆவியானால் போதும். 200 லிட்டர் இரும்பு டிரம்முக்கு 3 தேக்கரண்டி போதும். டேங்கின் மடிப்பிலும், தையல் ஓரத்திலும், துருவுக்கு அடியிலும் அதைவிட அதிகமாகவே தங்கியிருக்கும். தண்ணீர் ஊற்றி அலசுவதால் மட்டும் அது போய்விடாது.

வடசென்னைக்காரர்களுக்கு இது தெரியாத கதை அல்ல. 2023 டிசம்பர் 27 அன்று, தண்டையார்பேட்டையில் உள்ள இந்தியன் ஆயில் முனையத்தில், எத்தனால் தொட்டி ஒன்றில் வேலை நடந்துகொண்டிருந்தபோது அது வெடித்தது. ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார், இன்னொருவர் காயமடைந்தார். தீயணைப்பு வசதியும் பாதுகாப்பு விதிகளும் உள்ள முனையத்திலேயே இப்படி என்றால், கொட்டகை ஓரத்தில் கேஸ் கட்டரைப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

'எங்களுடையது டீசல் வண்டி, பயமில்லை' என்றும் சிலர் சொல்வார்கள். பெட்ரோல், பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றிக்கொள்ளும் ஆவியை விடும். டீசல் அப்படி இல்லை என்பது உண்மைதான். ஆனால், இந்தியத் தர விதிப்படி டீசலுக்கு இந்த அளவு குறைந்தபட்சம் 35 டிகிரிதான். சித்திரை வெயிலில் நிற்கும் டேங்க் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். கட்டர் நெருப்பு பட்டால் கேட்கவே வேண்டாம்.

எடுக்காமலே கொடுப்பது முதல் வழி

மத்திய அரசு 2021-ல் வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி பதிவு பெற்ற நிலையத்தில், வண்டியை உடைக்கும் முன் பெட்ரோல், இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், ஏ.சி. வாயு, பேட்டரி ஆகிய அனைத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதற்கான கருவிகளும் இடமும் அங்கே இருக்க வேண்டும். எனவே, வாசகர் தன் வேனை டேங்கோடு அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒப்படைக்கலாம். சொந்தமாகத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. அங்கே கொடுக்கும்போது வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால், சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவிகிதம் வரை சலுகை தர மத்திய விதி இடமளிக்கிறது. தற்போது கிடைக்கும் சலுகை எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

காயலான் கடையில் வெறும் எடைக்குப் போட்டால், வண்டி போய்விடும். ஆனால், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் அப்படியே இருக்கும். அந்த நம்பர் பிளேட்டோ, சேசிஸோ வேறு வண்டிக்குப் போய், நாளை ஒரு விபத்திலோ குற்றத்திலோ சிக்கினால், போலீஸ் முதலில் வந்து நிற்பது பதிவில் பெயர் உள்ளவர் வீட்டு வாசலில்தான். வண்டி இனி ஓடாது என்ற நிலை வந்தால், 14 நாள்களுக்குள் பதிவு செய்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகளில், டிராக்டர், டிரெய்லர், அறுவடை இயந்திரம், பவர் டில்லர் ஆகியவை சேர்க்கப்படவில்லை. இவற்றைப் பெரும்பாலும் ஊர் மெக்கானிக்கும் காயலான் கடைக்காரரும்தான் உடைக்கிறார்கள். ஆகவே, டேங்கைக் காலி செய்யும் முறையை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால்...

1. இடம்: கொட்டகை, ஷெட், மெக்கானிக் குழி எதிலும் வேண்டாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சமதளமான திறந்தவெளியில் நிறுத்தவும். பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து போய் பள்ளத்திலும், குழியிலும், கிணற்றிலும் தேங்கும். கிணறு, வாய்க்கால், அடுப்பு, மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும்.

2. நேரம்: வெயில் ஏறும் முன், காலையில். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பீடி, சிகரெட், செல்போன் கூடாது. குழந்தைகளும் கால்நடைகளும் பக்கத்தில் வேண்டாம். உலர் தூள் தீயணைப்பான் ஒன்றும், இரண்டு வாளி மணலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால், எரியும் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும்.

3. பேட்டரி: டேங்க் மூடியைத் திறக்கும் முன்பே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடவும். ஏற்கெனவே பெட்ரோல் கசிந்து வாடை அடித்தால், பேட்டரியைத் தொடக் கூடாது. கழற்றும்போது வரும் பொறியே போதும். வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளி, வாடை போகும்வரை காத்திருக்கவும்.

4. சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

5. எடுக்கும் முறை: இரு சக்கர வண்டி, பவர் ஸ்பிரேயர், ஆயில் இன்ஜின் போன்றவற்றில் பெட்ரோல் காக் பைப்பைக் கழற்றி வடிக்கலாம். சில பழைய கார், டிராக்டர் டேங்குகளின் அடியில் வடிப்பதற்கென்றே பிளக் இருக்கும். இல்லையென்றால் கையால் அழுத்தும் பம்ப் பயன்படுத்தலாம். பேட்டரியில் ஓடும் சாதாரணத் தண்ணீர் பம்ப் கூடாது. புதிய மாடல் கார்களில், டேங்க் வாய்க்குள் டியூப் போகாதபடி தடுப்பு இருக்கும். அதைக் கம்பி விட்டு நெம்ப வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் பைப் அழுத்தத்தோடு இருக்கும். கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். இந்த இரண்டையும் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடவும்.

6. பிடிக்கும் பாத்திரம்: இறுக்கமான மூடியுள்ள இரும்பு கேன்தான் சரி. தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் குடம், பெயின்ட் வாளி எதுவும் வேண்டாம். கேன் தரையில் இருக்கட்டும். டியூபின் நுனி கேனின் அடியைத் தொட வேண்டும். உயரத்திலிருந்து பெட்ரோல் தெறித்து விழுந்தால் நிலைமின்சாரம் உண்டாகிப் பொறி வரும். கேனையும் வண்டியின் இரும்புப் பகுதியையும் ஒரு செப்பு ஒயரால் இணைத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. வேலை செய்பவர் பருத்தி உடை உடுத்த வேண்டும். நைலான், பாலியஸ்டர் கூடாது. கேனை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடவும். வெயிலில் பெட்ரோல் விரியும்.

7. முடிந்ததும்: டேங்க் மூடியை மூடவும். 'பெட்ரோல் இருந்த டேங்க், நெருப்பு கூடாது' என்று பெயின்டால் எழுதி, உடைப்பவரிடமும் வாயால் சொல்லவும். டேங்கை வெட்டி வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம். மாட்டுக்கு 500 ரூபாய் சிமென்ட் தொட்டி போதும்.

எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. பொருத்திய ஆட்டோ, வேன் என்றால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சிலிண்டரைச் சொந்தமாகத் திறக்கவோ, காற்றில் விடவோ கூடாது. அங்கீகாரம் பெற்ற பொருத்துநர்தான் கையாள வேண்டும்.

எடுத்த பெட்ரோலை என்ன செய்வது?

சில வாரங்களுக்கு முன் நிரப்பியதாக இருந்து, நிறமும் வாடையும் மாறாமல் இருந்தால், மெல்லிய வடிகட்டியில் வடித்து அதே வகை எரிபொருளில் ஓடும் இன்னொரு வண்டியில் பயன்படுத்தலாம். வாசகரின் வேனில் இருப்பது 6 ஆண்டுப் பழையது. அது ஆவியாகிப் பிசினாக மாறியிருக்கும். இப்போது பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு, அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். புளித்த வாடை அடிக்கும். அதை பைக்கிலோ, ஸ்பிரேயரிலோ ஊற்றினால், கார்புரேட்டர் அடைத்து, மிச்சம் பிடித்த பெட்ரோலைவிட அதிகமாக ரிப்பேர் செலவு வரும். பதிவு பெற்ற உடைப்பு நிலையத்திலோ, கழிவு எண்ணெயை முறையாகச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரிலோ கேட்டு ஒப்படைப்பதே சரி.

அதுவரை வைத்திருக்க வேண்டுமானால் சட்டத்தில் அளவு இருக்கிறது. 1934-ம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் பெட்ரோல் வைத்திருக்கலாம். உலோகக் கேன் என்றால் ஒன்று 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக்குள்ளும், உரம், வைக்கோல் வைக்கும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறும் பகுதி என்றால், உயரமான மேடையில் கட்டி வைக்கவும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. வீடுகளின் சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்தது. படகும் வலையும் வீணாயின. மீனவர்கள் படகில் போய் கையால் எண்ணெயை அள்ளினார்கள். தண்ணீர் வந்தால் எண்ணெய் வைத்த இடத்தில் நிற்காது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

-----

கேள்வி: "பழைய பெட்ரோலையும் டீசலையும் வரப்பு ஓரம் கொட்டிவிட்டால் களையும் எறும்பும் சாகுமே. அதில் என்ன தவறு?"

- ஒரு வாசகர், பொன்னேரி வட்டம்.

பதில்: களை காய்வது கண்ணுக்குத் தெரியும். கிணறு கெடுவது தெரியாது. பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. அது புற்றுநோயை உண்டாக்குவது. பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலில் 1 சதவிகிதம் வரை இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1 லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் நீரில் கலந்தால், கணக்குப்படி 8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லையைத் தாண்ட வைக்கும். மண்ணில் கொட்டியதில் ஒரு பங்கு காற்றில் போய்விடும், ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால், மணல் கலந்த நிலத்தில் மிச்சம் கீழே இறங்குவதற்குத் தடையே இல்லை.

இதற்கும் உதாரணம் தண்டையார்பேட்டையிலேயே இருக்கிறது. 2013-ல் அங்குள்ள வீடுகளின் போர்வெல்லில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து முனையத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவே காரணம் என்று தெரியவந்தது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. குழாய்க் கசிவின் அளவு வேறு, ஒரு கேன் பெட்ரோலின் அளவு வேறு. ஆனால், மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய் திரும்பி வரும் வழி ஒன்றுதான்: அடுத்தவர் வீட்டுக் குழாய். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கடல் நீர் உள்ளே ஏறி, ஏற்கெனவே பல கிணறுகள் உப்பாகிவிட்டன. மிஞ்சியிருக்கும் நல்ல கிணற்றில் இதையும் சேர்க்க வேண்டாம்.

தவறிச் சிந்திவிட்டால் தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது. அது எண்ணெயை இன்னும் ஆழத்துக்கும் தூரத்துக்கும் கொண்டுபோகும். மணல் அல்லது மரத்தூள் போட்டு உறிஞ்ச விட்டு, நனைந்த மண்ணோடு சேர்த்து வெட்டி எடுத்து, மூடியுள்ள இரும்பு டிரம்மில் போட்டு, பழைய பெட்ரோலோடு ஒப்படைக்கவும். எரிக்க வேண்டாம்.

களைக்குக் களைக்கொத்து, எறும்புக்கு வேப்பம்பிண்ணாக்கு போதும்.

-----

கேள்வி: "துறைமுகம் பக்கம் விற்கும் பழைய இரும்பு டிரம்களை வாங்கி, வெட்டித் தீவனத் தொட்டி செய்யலாமா? மேலே பெட்ரோல் பட்டுவிட்டால் என்ன செய்வது?"

- ஒரு வாசகி, சோழவரம்.

பதில்: டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவர் உறுதியாகச் சொல்லாவிட்டால் வாங்க வேண்டாம். தின்னர், பெயின்ட், ரசாயனம் இருந்த டிரம், கேஸ் கட்டர் பட்டால் வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும், அந்த எச்சம் தீவனத்தோடு மாட்டுக்கும், மாட்டிலிருந்து பாலுக்கும் போகும். வெட்டாமல் திறந்த வாயோடே கிடைக்கும், உணவுப் பொருள் வந்த டிரம் இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

பெட்ரோல் தோலில் பட்டால், சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கழுவவும். கண்ணில் பட்டால், 15 நிமிடங்கள் விடாமல் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவி, மருத்துவரிடம் போகவும். உடை நனைந்துவிட்டால், அடுப்பு, விளக்குப் பக்கம் போகாமல், உடையைத் தண்ணீரால் நன்றாக நனைத்த பிறகே கழற்றவும். உலர்ந்தபடி தலைவழியே இழுத்துக் கழற்றினால், துணி உராய்ந்து பொறி வரலாம். தீ பிடித்துவிட்டால், வண்டியைக் காப்பாற்ற நினைக்காமல் ஆள்கள் விலகி, 101-ஐ அழைக்க வேண்டும்.